கணக்கு சாருக்குப் பன்னிரண்டு மார்க்!

ஆபீஸில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கண்டம் வரும். அப்ரைசல்! பன்னிரண்டு மாசம் பம்பரமாய்ச் சுற்றியவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘அஞ்சுக்கு மூணு’ என்று மானேஜர் மார்க் போடுவார். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! அத்தனையும் இஞ்சி தின்ற முகங்கள்.

நான் மட்டும் சிரிக்கமாட்டேன். ஏனென்றால், நானும் ஒரு காலத்தில் அப்ரைசல் பண்ணிய பாவிதான். அதுவும் யாருக்கு? எனக்குப் பாடம் நடத்திய ஐந்து பேராசிரியர்களுக்கு!

2008 நவம்பர். பி.காம். முதல் செமஸ்டரின் கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். நாங்கள் நாலு பேர், இரண்டு சைக்கிள். கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிகள் வர ஆரம்பித்திருந்தார்கள். பேரருவியில் தண்ணீரும் கூட்டமும் போட்டி போட்டுக்கொண்டு விழுந்தன. குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது எங்களில் ஒருவன் சொன்னான்: “ஏல, நமக்கு மார்க் வாரதுக்குள்ள நாம அவங்களுக்குப் போட்ருவோமா?”

என் ஹால் டிக்கெட்டின் பின்பக்கம்தான் மதிப்பெண் பட்டியல் ஆனது. தமிழ் ஐயா 98. நோட்ஸ் சார் 75. பொருளாதார சார் 60. இங்கிலீஷ் மேடம் 35. கணக்கு சார் 12.

பாஸ் மார்க் 40 என்பது எங்களுக்குத் தெரியும். ஆக, இரண்டு பேர் அரியர்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாங்கள் படித்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ். 1990-ல் திருநெல்வேலியில் தொடங்கிய பல்கலைக்கழகம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான சுந்தரம் பிள்ளை, ‘மனோன்மணீயம்’ நாடகத்தை 1891-ல் வெளியிட்டவர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். நாம் எழுந்து நின்று பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்திலிருந்து எடுத்ததுதான். ஒரு வாத்தியார் பெயரில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, வாத்தியார்களையே ஃபெயிலாக்கிய பெருமை எங்களைச் சேரும்.

அந்த ஹால் டிக்கெட் சர்ட்டிபிகேட் ஃபைலோடு ஒட்டிக்கொண்டு இத்தனை வருஷம் என்னோடு வந்துவிட்டது. சமீபத்தில் ஏதோ தேடும்போது கையில் சிக்கியது. பல்கலைக்கழகத்தில் ரீவேல்யுவேஷன் என்று ஒன்று உண்டல்லவா? பணம் கட்டினால் பேப்பரை மறுபடி திருத்துவார்கள். நானும் ஒருதரம் திருத்திப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இந்த முறை பஜ்ஜி இல்லை.

* * *

முதலில் தமிழ் ஐயா. 98 எதற்குக் கொடுத்தோம் என்றால், அவர் அசைன்மென்ட் கேட்கமாட்டார். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே விட்டுவிடுவார். ஆனால், குற்றாலக் குறவஞ்சி எடுத்தால் மனுஷன் வேறு ஆள். “எழுதினவரு யாரு தெரியுமா? திரிகூடராசப்பக் கவிராயர். ஊரு? இந்தா இருக்க மேலகரம்! நீ பஸ் ஏறுத ஸ்டாப்புடே!” என்பார். மதுரை நாயக்க மன்னர் இந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்று பேர் என்பார். “பாட்டெழுதினா நெலம் கிடைக்குமா ஐயா?” என்று கேட்டதற்கு, “அது அப்போ. இப்போ எழுதினா இருக்க நெலமும் போயிரும்” என்றார்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தவர் என்பதையும், கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அனுபவிக்க வேண்டும் என்று அவர் ஊருக்கே கற்றுக்கொடுத்ததையும் ஐயா வாயால்தான் கேட்டேன். பிறந்ததிலிருந்து அருவியில் குளித்தவன், அதற்கு மேல் ஓர் இலக்கியமும் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். 98 சரிதான். ஆனால், போட்ட காரணம் தப்பு.

நோட்ஸ் சார் பிசினஸ் ஆர்கனைசேஷன். உள்ளே வருவார், நோட்டைப் பிரிப்பார், “பாயின்ட் நம்பர் ஒன்...” என்பார். மணியடிக்கும்போது பாயின்ட் நம்பர் பதினேழில் நிற்போம். பரீட்சையில் அப்படியே எழுதினோம். அடுத்த வாரம் அப்படியே மறந்தோம். 75 கொஞ்சம் அதிகம். ஐம்பதாகக் குறைக்கிறேன். கையெழுத்து திருந்தியதற்காக அந்த ஐம்பது!

பொருளாதார சார் குறைந்துசெல் பயன்பாட்டு விதியை வடையை வைத்து நடத்தினார். முதல் வடை அமிர்தம், இரண்டாவது ருசி, மூன்றாவது சுமார், நாலாவது வடையைக் கண்டால் எரிச்சல். ஒருநாள் வாய்ப்புச் செலவு என்று ஒன்றைச் சொன்னார். நீ இங்கே உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வேறு என்ன சம்பாதித்திருக்கலாமோ, அதுதான் இங்கே உட்கார்ந்திருப்பதன் உண்மையான விலை என்றார். “அப்படின்னா வீட்டுக்குப் போகலாமா சார்?” என்று கேட்டுச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு பிற்பாடு எனக்கு அடங்கிப்போனது. அதைச் சொல்கிறேன்.

இங்கிலீஷ் மேடம், ஆளுக்கு ஒரு நிமிஷம் எழுந்து நின்று இங்கிலீஷில் பேசச் சொல்லுவார். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவனுக்கு ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் தெரியுமா? “மை நேம் ஈஸ்...” முடிந்த பிறகு மிச்சம் ஐம்பத்தாறு வினாடி இருக்கும்! நிற்கச் சொன்ன கோபத்தில் 35 போட்டோம். சென்னையில் முதல் இன்டர்வியூவில், “உன்னைப் பத்திச் சொல்லு” என்று கேட்டபோது நான் ஒரு நிமிஷம் நிறுத்தாமல் பேசினேன். வேலை கிடைத்தது. மேடத்துக்கு 90. தாமதத்துக்கு மன்னிப்பு.

* * *

இனி, கணக்கு சார்.

வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடிப்பு, சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூள், பழைய மொபெட். போர்டில் பெரிதாக ஒரு ‘டி’ எழுத்தைப் போடுவார். “இடதுபக்கம் டெபிட், வலதுபக்கம் கிரெடிட். ஒலகத்துல எந்தக் கொடுக்கல் வாங்கலும் இந்த ரெண்டு பக்கத்துக்குள்ள வந்து விழுந்துதாண்டே தீரணும்” என்பார். ஸ்கூலில் பற்று, வரவு, பேரேடு என்று படித்தவர்களுக்கு டெபிட், கிரெடிட், லெட்ஜர் என்று வந்ததும் தலை சுற்றியது. அதைக் கண்டுபிடித்தவர் இரண்டு மொழியிலும் சொல்லித்தந்தார்.

இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கமாக எழுதியவர் லூகா பேசியோலி என்ற இத்தாலிக்காரர். 1494-ல் வெனிஸ் நகரத்தில் அந்தப் புத்தகம் வந்தது. அவர் வியாபாரி இல்லை, ஒரு கிறிஸ்துவத் துறவி. லியனார்டோ டா வின்சிக்கே கணிதம் சொல்லித்தந்தவர். “பாத்தியா, எல்லாத்தையும் துறந்தவன்தான் ஒழுங்காக் கணக்கெழுத முடியும்” என்று சார் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

பிறகு அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. “ரோல் நம்பர் இருபத்தேழு. ஒங்க அப்பா என்ன பண்ணுதாரு?”

“குற்றாலத்துல சீசன் கடை சார்.”

ஐந்தருவி ரோட்டில் தகரக் கொட்டகை. துண்டு, காசித்துண்டு, டவுசர், சோப்பு, சீயக்காய், சின்ன எண்ணெய் பாட்டில். குளிக்க வருகிறவர்கள் வீட்டில் மறந்துவைத்துவிட்டு வருகிற சாமான்கள் அத்தனையும் எங்கள் கடையில் கிடைக்கும். ஜூன் பாதியில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் கடைசி வரை வியாபாரம். மேற்கே மலையில் மழை பெய்யாவிட்டால் அருவி காயும், வியாபாரம் இல்லை. ரொம்பப் பெய்தால் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைக்கும் வியாபாரம் இல்லை. அளவோடு பெய்யவேண்டும். எங்கள் வீட்டில் வருண பகவானுக்கு அளவு சொல்லித்தான் சாமி கும்பிடுவோம்!

“லாபமா?” என்றார் சார்.

“நல்ல லாபம் சார். ஞாயித்துக்கெழம ஐயாயிரம் ரூவா!” பையன்கள் ‘ஓ’ போட்டார்கள்.

“அது வியாபாரம்டே. நான் கேட்டது லாபம்.”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“சரி. மத்தவனுக்கெல்லாம் அசைன்மென்ட் புக்ல இருக்கு. ஒனக்கு ஒங்க கடதான். இந்த சீசன் கணக்க முழுசா எழுதிக் கொண்டா.”

இன்டர்னல் 25 மார்க் அவர் கையில். எழுதாமல் முடியுமா?

* * *

அப்பாவிடம் கணக்கு நோட்டு கிடையாது. கடையில் தொங்கிய மாத காலண்டரில், அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் அன்றைய வியாபாரத்தைப் பென்சிலால் எழுதிவைப்பார். அவ்வளவுதான். மதுரை மொத்தக் கடை பில்கள் கம்பியில் குத்தியிருந்தன. பாடப்புத்தகத்தில் ‘முழுமை பெறாப் பதிவேடுகள்’ என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு எங்கள் வீட்டைப் போட்டோ எடுத்தே அச்சடித்திருக்கலாம்.

மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. 1,850 ரூபாய் இடித்தது. இப்படி இடித்தால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டுவைத்துவிட்டுத் தேடவேண்டும் என்பார் சார். போட்டேன். தேடினேன். கம்பியில் இரண்டு பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தேன். பிரித்து எழுதியதும் டேலி! நடுராத்திரி எழுந்து நின்று கை தட்டாத குறைதான்.

சீசன் 78 நாள். மொத்த வியாபாரம் 1,26,400. விற்ற சரக்கின் அசல் 81,000. மிச்சம் 45,400. இதில் இடவாடகை 24,000. ஒத்தாசைக்கு நின்ற அண்ணனுக்கு நாளைக்கு நூறு வீதம் 7,800. லைட், லாரி, இதர செலவு 4,600. சரக்கு வாங்க எடுத்த 30,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஐந்து வட்டியில் மூன்று மாச வட்டி 4,500. எல்லாம் போக நிகர லாபம்... 4,500 ரூபாய்.

அதை 78-ஆல் வகுத்துப் பார்த்தேன். நாளைக்கு 58 ரூபாய்கூட முழுசாக இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து ராத்திரி பத்து மணிக்குச் சாத்துகிற முதலாளிக்கு 57 ரூபாய் சொச்சம். வேலைக்கு நின்றவருக்கு 100 ரூபாய். நாளைக்கு நூறு ரூபாய்க்கு அப்பாவே இன்னொருத்தர் கடையில் போய் நின்றிருந்தால் அதிகம் கிடைத்திருக்கும். பொருளாதார சாரின் வாய்ப்புச் செலவுக்கு என் சிரிப்பு அடங்கியது இங்கேதான்.

நோட்டைக் கணக்கு சாரிடம் நீட்டினேன். முழுக்கப் புரட்டினார். பாராட்டுவார் என்று நின்றால், “டேலி ஆயிட்டுன்னா கணக்கு முடிஞ்சிட்டுன்னு நெனைக்காத. ஒரு பக்கம் எழுதி ஒரு பக்கம் விட்டா இடிக்கும். ரெண்டு பக்கமுமே எழுதாம விட்டுட்டா? இடிக்கவே இடிக்காது. அதுக்குப் பேரு முழு விடுபிழை. வீட்ல போயி, இதுல எழுதாதது எதாவது உண்டான்னு அப்பாட்ட கேளு” என்றார்.

* * *

அன்றைக்கு ராத்திரி கரண்ட் கட். திண்ணையில் அப்பா பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்து, காலேஜ் படிக்கிற மிடுக்கோடு வாசித்தேன். ஐம்பத்தேழு ரூபாய் வரைக்கும் வாசித்தேன். விசிறி நின்றது.

“எப்பா, இதுல எழுதாம விட்டது எதாவது இருக்கா?”

அப்பா பேசவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். விளக்கைச் சற்று நகர்த்திவைத்தபோதுதான் அவள் கையைப் பார்த்தேன். கவரிங் வளையல்! எப்போதிருந்து அதைப் போட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

“ஒன் பீஸுக்கு ஜூன் மாசம் வச்சதுய்யா. பாங்குலதான் இருக்கு. மீட்டுக்கிடலாம்” என்றாள் அம்மா.

எட்டாயிரம் ரூபாய். வந்ததும் எழுதவில்லை, போனதும் எழுதவில்லை. அதனால்தான் டேலி ஆனது. கணக்கு விதிப்படி பார்த்தால் கடை வேறு, முதலாளி வேறு. இது கடைக் கணக்கில் வராது என்று பாடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் எங்கே இருந்தது?

ரொம்ப நேரம் கழித்து அப்பா வாயைத் திறந்தார். “லாப நஷ்டம் தெரியாமலா கட நடத்துதேன்? எழுதிப் பாத்தா மறுநா கடயத் தொறக்க மனசு வராதுலே. அதான் எழுதல.”

அதன் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபமில்லை. என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அதுவரை எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை ஐயாயிரம் ரூபாய் சம்பாதிக்கிற அப்பா. நான்தான் நோட்டுப் போட்டு அவரை ஐம்பத்தேழு ரூபாய்க்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த அசைன்மென்டுக்கு சார் 25-க்கு 22 கொடுத்தார். நான் அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரண்மேல் எறிந்தேன்.

இப்போது புரிந்திருக்கும். அருவிக்கரையில் மற்ற மூன்று பேரும் கணக்கு சாருக்கு ஐம்பது போடலாம் என்றார்கள். ‘பன்னிரண்டு’ என்று பிடிவாதமாக எழுதியது நான்தான்.

* * *

மாசி மாசம் ஒருநாள் அப்பா கூப்பிட்டார். “ஏல, அந்த நோட்ட எடு.”

பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். தென்காசியில் கோயில் பக்கம் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வருகிறதாம். மாசம் ஆயிரத்து ஐந்நூறு. “சீசனுக்குக் கொடுக்க 24,000-ல பதினாறு மாசம் வாடகை கட்டலாம்லா?” என்றார். நான் வகுத்துப் பார்ப்பதற்குள் அவர் மனசுக்குள் வகுத்துவிட்டிருந்தார். என் நோட்டை, நான் எழுதியபோது படித்ததைவிட அவர் அதிகம் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. சீசன் கடை 2009-ல் நின்றது. அருவியில் தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும் மனுஷனுக்குத் துண்டும் வேட்டியும் வேண்டுமே! 2011-ல் அம்மாவின் வளையல் பாங்கிலிருந்து வீட்டுக்கு வந்தது.

இதையெல்லாம் கணக்கு சாரிடம் நான் சொல்லவே இல்லை. மூன்று வருஷம் அவரிடம் படித்தேன். டிகிரி வாங்கினேன். ஆடிட்டர் ஆபீஸில் அவர் சொல்லித்தந்ததை வைத்துச் சம்பளம் வாங்கினேன். வந்ததை எழுதவில்லை, கொடுத்தவரையும் எழுதவில்லை. அதனால் என் கணக்கும் இத்தனை வருஷம் இடிக்காமல் டேலி ஆகிக்கொண்டே இருந்தது.

போன தடவை ஊருக்குப் போயிருந்தேன். இப்போது தென்காசி தனி மாவட்டம். 2019 நவம்பரில் பிரித்தார்கள். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் அடிக்கிற காற்று மட்டும் எந்த மாவட்டத்திலும் அதே காற்றுதான். அந்தக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கணக்கு சார் நின்றார். தலை முழுக்க வெள்ளை. சட்டையில் சாக்பீஸ் தூள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேரைச் சொன்னேன், தெரியவில்லை. இருபத்தேழு என்றேன், தெரியவில்லை. சீசன் கடை என்றதும் கண் சுருங்கியது. “காலண்டர்ல வியாபாரம் எழுதுனவரு மகனா?”

கோயில் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வளையலைச் சொன்னேன். அந்த ஒரு மாசத்தைச் சொன்னேன். ஹால் டிக்கெட்டில் போட்ட மார்க்கையும் மென்று விழுங்கிச் சொல்லிவிட்டேன்.

சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்பாட்ட கேளுன்னு சொன்னேன். எப்படிக் கேக்கணும்னு சொல்லித்தராம விட்டுட்டேனடே. நடுவீட்ல வச்சு வாசிப்பேன்னு நெனைக்கல” என்றார். பிறகு முகத்தைத் திருப்பி, பழைய குரலில், “பன்னெண்டா? இருபத்தஞ்சுக்கா, நூத்துக்கா?” என்று கேட்டார்.

“இருபத்தஞ்சுக்குதான் சார்!” என்றேன்.

“அப்போ பாஸுதான்” என்று சிரித்தார். ரீவேல்யுவேஷனில் நான் எவ்வளவு போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையைப் பிடித்து அப்பா கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா எழுந்து நின்று அவரை உட்காரவைத்தார், டீ வாங்கி வரச் சொன்னார். இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். இன்னமும் அதே மாதிரி மாத காலண்டர். தேதிக் கட்டத்துக்குள் அதே பென்சில் எழுத்து. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் இருந்தன. மேலே வியாபாரம். கீழே, சின்னதாக, லாபம்.